மலை ரோட்டில் கார் ஓட்டுகிறவர்கள் ஆக்சிலேட்டர் பெடலைச் சரி செய்வது எப்படி

மலைநாட்டில் கார் ஓட்டும்போது வலது கால் படும் பாடு தனி. கொழும்புப் பக்கம் ஒரே அளவில் மிதித்துக்கொண்டே போகலாம், இங்கே தலவாக்கலையில் இருந்து நானுஓயா ஏறி நுவரெலியா போய்ச் சேருவதற்குள் எத்தனை முடக்கு, எத்தனை தடவை காலை எடுத்து மறுபடி வைக்க வேண்டியிருக்கிறது, நடுவில் கொழுந்து லொறி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் அரை மிதியிலேயே கால் தொங்கிக்கொண்டிருக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கணுக்கால் வலிக்கும். அப்புறம் நேராக கராஜுக்குப் போய் "பாஸ், ஆக்சிலேட்டர் கேபிளைக் கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க, மிதிச்சா உடனே இழுக்கணும்" என்று சொல்வோம். அவரும் இரண்டு நிமிடத்தில் டைட் பண்ணி விடுவார்.

அப்படிக் கேட்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஏறி இறங்கும் ரோட்டில் ஒரு பெடல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது, மிதித்தவுடன் எவ்வளவு பாய்கிறது என்பதை விட, காலை எடுத்தவுடன் எவ்வளவு முழுதாகத் திரும்பி வருகிறது என்பதைத்தான். கால் வலியைப் பொறுத்தவரை, பெரும்பாலும் கேபிளைத் தொடாமலேயே தீர்ந்துவிடும். அதனால் பொனட்டைத் திறப்பதற்கு முன் சீட்டில் இருந்து ஆரம்பிப்போம்.

முதலில் சீட்

சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கைக் கடைசி வரை அழுத்துங்கள். கியர் வண்டி என்றால் கிளட்சையும். அப்படி அழுத்தியிருக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கால் நேராக நீண்டுவிட்டால் சீட் பின்னால் இருக்கிறது. முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே முட்டினால் முன்னால் இருக்கிறது. ஆக்சிலேட்டரை வைத்துச் சீட்டைச் சரி செய்யக் கூடாது, பிரேக்கை வைத்துத்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்கப் போவது அதைத்தான்.

அடுத்தது குதிகால். அது தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிரேக் பெடலுக்கு நேர் கீழே அல்லது ஒரு விரல் அளவு வலப்பக்கமாக. அங்கிருந்து பாதத்தை வலப்பக்கம் திருப்பினால் ஆக்சிலேட்டர், நேராக்கினால் பிரேக். ஆக்சிலேட்டரில் படுவது கால்விரல் நுனியாக இருக்கக் கூடாது, விரல்களுக்குக் கீழே உள்ள தடித்த பகுதியாக இருக்க வேண்டும். குதிகால் அந்தரத்தில் இருந்தால் காலின் முழுப் பாரத்தையும் தொடையும் கெண்டைக்காலும் தூக்கிக்கொண்டே இருக்கும், அரை மணி நேரத்தில் வலிக்க ஆரம்பிப்பது அதனால்தான். சீட் தொலைவில் இருந்தால் பாதம் நீண்டு நுனியால் மிதிப்போம், கெண்டைக்கால் இழுக்கும். மிகவும் பக்கத்தில் இருந்தால் பாதம் மேல்நோக்கி மடங்கி முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலிக்கும். எந்த இடம் வலிக்கிறது என்று கவனித்தாலே சீட்டை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று பாதி தெரிந்துவிடும்.

மலையில் இன்னொன்றும் உண்டு. ரம்பொடை இறக்கத்திலோ பெரகலை இறக்கத்திலோ வரும்போது வண்டியின் மூக்கு கீழே இருக்கும், உடம்பு தானாக முன்னால் சரியும், அந்தப் பாரம் நம்மை அறியாமலே வலது பாதத்தின் மேல் இறங்கும். காலை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பெடல் கொஞ்சம் அழுந்தியே இருக்கும். இதற்கு இடது காலை கிளட்சுக்குப் பக்கத்தில் உள்ள ஓய்வு மேடையில் ஊன்றிக்கொள்ளுங்கள், சீட்டின் முன்பக்கம் உயர்த்தக்கூடியது என்றால் ஒரு படி உயர்த்துங்கள். தொடைக்குக் கீழே சீட் தாங்கினால் உடம்பு சரியாது. சாய்மானத்தை ரொம்பப் படுக்க வைத்து ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

உயரம் குறைந்தவர்கள் சீட்டை முன்னால் இழுக்கும்போது ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும், காற்றுப்பை உள்ள வண்டியில் இது கட்டாயம்.

காலடியில் என்ன கிடக்கிறது

நம்ம ஊர் மழைக்கும் சேற்றுக்கும் காரின் தரையில் என்னவெல்லாம் போட்டு வைத்திருக்கிறோம் என்று ஒரு தடவை பாருங்கள். கம்பெனி கார்ப்பெட், அதன் மேல் றபர் மேட், அதன் மேல் பழைய வீரகேசரித் தாள், சில வண்டியில் அட்டைப் பெட்டி வெட்டிப் போட்டது. ஒவ்வொன்றும் பெடலுக்குக் கீழே உள்ள இடத்தைத் தின்கிறது, ஈரத்தில் வழுக்கி முன்னால் ஏறுகிறது.

இது சின்ன விசயம் இல்லை. 2009 இல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வாகனங்களுக்குத் திரும்ப அழைப்பு விடுத்தது இந்த மேட் விசயத்துக்காகத்தான். மேட் முன்னால் நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொள்கிறது, பெடல் அழுந்தியபடியே நின்றுவிடுகிறது என்று. அதற்குத் தீர்வாகப் பெடலின் கீழ் நுனியையே வெட்டிக் குட்டையாக்கிக் கொடுத்தார்கள்.

அதனால் ஓட்டுநர் பக்கத்தில் ஒரே ஒரு மேட். அது அந்த வண்டிக்கென்று வெட்டியதாக, கொக்கியில் மாட்டியதாக இருக்க வேண்டும். பெடலை முழுதாக அழுத்திப் பாருங்கள், மேட்டில் முட்டக் கூடாது, விட்டால் அதன் ஓரம் பெடலின் மேல் ஏறக் கூடாது. தண்ணீர்ப் போத்தல், குடை, டோர்ச் எதுவும் சீட்டுக்குக் கீழே வேண்டாம், இறக்கத்தில் உருண்டு வந்து நிற்கிற இடம் பெடலுக்கு அடியில்தான்.

செருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈரமான றபர் செருப்போடு ஓட்டாதீர்கள், உள்ளே பாதம் வழுக்கும், வார் பெடலில் மாட்டும். தடித்த அடியுள்ள மழைச் சப்பாத்தோடு ஓட்டினால் எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே காலுக்குத் தெரியாது. மெல்லிய, தட்டையான அடி, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் சப்பாத்து. அதை வண்டியிலேயே பின் சீட்டில் போட்டு வைக்கலாம்.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அப்புறமும் பெடல் சரியில்லை என்றால் மட்டும் பொனட்.

கேபிளா, வயரா

எல்லாக் காரிலும் பெடலைச் சரி செய்ய முடியாது. பழைய மாருதி 800, 90களில் வந்த கொரொல்லா, சன்னி, லான்சர் போன்றவற்றில் பெடலில் இருந்து ஒரு இரும்புக் கேபிள் எஞ்சின் வரை போய், எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ரொட்டிலை இழுக்கும். பழைய டீசல் வேன்களில் அதே கேபிள் டீசல் பம்பின் கையை இழுக்கும். பிரியஸ், அக்வா போன்ற ஹைப்ரிட்டுகளிலும், பிந்தி வந்த கார்களில் பெரும்பாலானவற்றிலும் கேபிள் கிடையாது, பெடலோடு ஒரு சென்சர் இருக்கும், அதிலிருந்து மின்வயர் போகும். பெடலின் மேல்முனையை டோர்ச் அடித்துப் பாருங்கள். கேபிளின் தலை மாட்டியிருக்கிறதா, வயர் சொருகிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேபிள் வண்டியில் செய்வது

10, 12 ஆம் நம்பர் ஸ்பேனர் ஒவ்வொன்றிலும் இரண்டு, டோர்ச், உதவிக்கு ஒரு ஆள், இவ்வளவு போதும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இதை மலையில் இருப்பவர்கள் மறக்கவே கூடாது. நுவரெலியாக் குளிரில் காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன் எஞ்சின் தானாகவே வேகமாக ஓடும், பல வண்டிகளில் சூடாகும் வரை த்ரொட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்க ஏற்பாடு உண்டு. அந்த நேரத்தில் கேபிளை அளந்தால் தொய்வு அதிகமாகத் தெரியும், அதை நம்பி இறுக்கினால் சூடான பிறகு கேபிள் விறைத்து நிற்கும். ஆகவே கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு பொனட்டைத் திறங்கள்.

கறுப்பு உறை போட்ட கேபிள் உள்ளே இருந்து வந்து த்ரொட்டில் பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கியில் நிற்கும். அந்த இடத்தில் உறையின் முனையில் மரை இருக்கும், தாங்கிக்கு இந்தப் பக்கம் ஒரு நட், அந்தப் பக்கம் ஒரு நட். உறைக்கு வெளியே தெரியும் கேபிளை விரலால் மெல்ல அழுத்துங்கள். சில மில்லிமீட்டர் தொய்ய வேண்டும், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், அதுதான் கணக்கு. கொஞ்சம்கூட அசையாமல் கம்பி மாதிரி இருந்தால் இறுக்கம் அதிகம். தொங்கினால் லூஸ்.

இப்போது உதவிக்கு வந்தவரை உள்ளே உட்கார வைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது தங்கச்சியின் வேலை.

"முழுசா மிதி. இன்னும் போகுதா?"

"இல்லண்ணே, மேட்ல முட்டுது."

இந்தப் பதில் வந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடலாம். த்ரொட்டில் கை, அதாவது கேபிள் இழுத்துத் திருப்பும் நெம்பு, அதன் கடைசி முட்டுக்குப் போகவில்லை, காரணம் கேபிள் இல்லை, மேட். எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னால் கை முழுதாகத் திரும்பி முட்டில் டக்கென்று நிற்கும். மேட் இல்லாமலும் போகவில்லை என்றால்தான் கேபிள் லூஸ், அப்போது இறுக்கலாம்.

இறுக்கும் முறை இதுதான். ஒரு நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றதைத் தளர்த்துங்கள், பிறகு உறை த்ரொட்டிலை விட்டு விலகும் பக்கமாக நட்டைக் கால் சுற்று திருப்புங்கள். கால் சுற்று மட்டும். உடனே விரலால் தொய்வைப் பாருங்கள், உதவியாளரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. முழு மிதியில் த்ரொட்டில் கை கடைசி முட்டில் போய் நிற்க வேண்டும், காலை எடுத்தால் கேபிளில் கொஞ்சம் தொய்வு மிஞ்ச வேண்டும், இரண்டும் கிடைத்த இடத்தில் நிறுத்தி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் செய்ததெல்லாம் நகர்ந்துவிடும்.

பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஐட்லிங், அதாவது பெடலைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம், முன்பு இருந்த அளவிலேயே இருக்க வேண்டும். ஒரு தடவை ரேஸ் பண்ணிக் காலை எடுத்தால் நேராகக் கீழே இறங்க வேண்டும், நடுவில் தொங்கக் கூடாது. ஆர்பிஎம் கூடியிருந்தால் நீங்கள் இறுக்கியது அதிகம், பின்னால் போங்கள். அதைக் குறைக்க த்ரொட்டிலில் இருக்கும் சின்ன முட்டு ஸ்குரூவைத் திருப்பாதீர்கள், பெயிண்ட் அடையாளம் வைத்து மூடியிருப்பார்கள், அது தொழிற்சாலையில் வைத்த அளவு.

பழைய டொயோட்டா ஓட்டோ கியர் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். த்ரொட்டிலில் இரண்டாவதாக ஒரு கேபிள் மாட்டியிருக்கும், அது கியர் பெட்டிக்குப் போகிறது, எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை வைத்து உள்ளே எண்ணெய் அழுத்தத்தை மாற்றுவது அதுதான். அதை விளையாட்டாகத் திருப்பினால் கியர் மாறும் நேரம் பிசகி, நாளடைவில் கியர் பெட்டியே போய்விடும். ஆக்சிலேட்டர் கேபிள் எது, அது எது என்று நிச்சயமாகத் தெரியாமல் கை வைக்க வேண்டாம். பழைய டீசல் வேன்களில் டேஷ்போர்டில் ஐட்லிங் கூட்டும் ஒரு நொப் இருக்கும், அது முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஏன் இறுக்கம் ஆபத்து

கேபிள் கொஞ்சம் லூசாக இருந்தால் மிதியில் அரை அங்குலம் வீணாகும், ஏற்றத்தில் முழு பலம் வராது, எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். இறுக்கமாக இருந்தால் காலை எடுத்த பிறகும் த்ரொட்டில் ஒரு மயிரிழை திறந்தே இருக்கும். சமதரையில் இது தெரியாது. கடுகண்ணாவை இறக்கத்திலோ நானுஓயாவில் இருந்து ரதல்ல குறுக்கு வழியிலோ இரண்டாம் கியரில் இறங்கும்போது, வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டிய எஞ்சின் அதைப் பின்னால் இருந்து தள்ளும். அந்த வேலையைப் பிரேக் செய்ய வேண்டிவரும், பிரேக் சூடேறும், அடிவாரம் வருவதற்குள் கருகிய மணம் வரும், பெடல் கல்லாக இருக்கும் ஆனால் வண்டி பிடிக்காது. எஞ்சின் பிரேக்கை நம்பி இறங்குகிற ஊரில் வாழ்கிறோம், அந்த எஞ்சின் பிரேக்கைக் கெடுக்கிற வேலைக்குக் காசும் கொடுக்க வேண்டுமா?

பெற்றோல் கணக்கும் இருக்கிறது. பெற்றோலைக் கணினி அளந்து விடும் இஞ்செக்ஷன் எஞ்சின்களில் த்ரொட்டில் முழுதாக மூடி, எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தால், கணினி பெற்றோலை அப்படியே நிறுத்திவிடும், இறக்கத்தில் வண்டி பெற்றோல் இல்லாமலே உருளும். த்ரொட்டில் மூடவில்லை என்றால் இது நடக்காது. இறக்கம் முழுவதும் எரித்துக்கொண்டே வருவீர்கள்.

பெடல் கனமாக இருந்தால்

அளவு சரி, ஆனால் மிதிக்கக் கனமாக இருக்கிறது, அல்லது ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கிப் போகிறது என்றால் இறுக்கமோ தளர்வோ காரணம் இல்லை. எஞ்சின் பக்கம் கேபிளைக் கழற்றி, த்ரொட்டிலைக் கையால் திருப்பிப் பாருங்கள். அது சிக்கினால் உள்ளே கரி படிந்திருக்கிறது, த்ரொட்டில் கிளீனர் அடித்துத் துடைக்க வேண்டும். அது லேசாகத் திரும்பினால் கேபிளைப் பாருங்கள். நம்ம ஊர் மூடுபனி ஈரத்தில் உறையின் வாய்ப்பகுதியில் துரு பிடிக்கும், அங்கேதான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். விரலை ஓட்டிப் பார்த்தால் முள்ளாகக் குத்தும். ஒரு இழை அறுந்திருந்தாலும் எண்ணெய் விட்டு ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள், அறுந்த இழை உறைக்குள் சுருண்டு சிக்கினால் பெடல் திரும்பவே திரும்பாது. புதுக் கேபிள் போடும்போது பழையது போன வழியிலேயே கூர்மையான மடிப்பு இல்லாமல் போக வேண்டும், சூடான புகைக் குழாயைத் தொடக் கூடாது. பெடலின் மேல்பக்க அச்சில் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் பாதிக் கனம் போய்விடும். ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கழற்றியோ இழுத்து நீட்டியோ மிதியை இலகுவாக்குவதை மட்டும் யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்.

வயர் வண்டிகள்

இதில் திருப்ப நட் கிடையாது. சென்சர் இரண்டு சிக்னல்களை அனுப்பும், கணினி ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும், கழற்றி வளைத்தால் எஞ்சின் லைட் எரிந்து வண்டி நொண்டும். பெடல் மந்தமாக இருந்தால் ஈக்கோ மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏற்றத்தில் அதை அணைத்துவிடலாம். பெடலுக்கும் வயருக்கும் நடுவே மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், பவர் கூடும் என்பார்கள். கூடாது. அரை மிதிக்கு முக்கால் மிதி என்று கணினியிடம் சொல்கிறது, அவ்வளவுதான். நேரான ரோட்டில் அது ஜோராக இருக்கலாம், ஈரமான கொண்டை ஊசி வளைவில் தொட்டவுடன் பாய்கிற பெடல் எனக்கு வேண்டாம்.

மேலே வர வர வண்டி இழுக்கவில்லை, அதனால் பெடலில் கோளாறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விசயம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் அந்த அளவில் குறையும். அதே ஏற்றத்துக்கு அங்கே கூடுதலாக மிதிக்கத்தான் வேண்டும், கியரை ஒன்று குறைத்துப் போட்டால் காலுக்கும் எஞ்சினுக்கும் சுகம்.

பெடலின் கையைச் சூடாக்கி வளைத்து உயரத்தை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பளபளக்கும் அலுமினிய உறைகளும் அப்படித்தான், ஈரத்தில் வழுக்கும், பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும், ஒரே சப்பாத்து இரண்டையும் மிதிக்கும்.

பெடல் அழுந்தியபடி நின்றுவிட்டால்

இதை வண்டி ஓட்டும் வீட்டார் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். குனிந்து கையால் இழுக்கப் போகாதீர்கள். பிரேக்கை இரண்டு காலாலும் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, த்ரொட்டில் திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோய் பிரேக் கல்லாகிவிடும். அதே நேரத்தில் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், கியர் வண்டி என்றால் கிளட்சையும் மிதித்து. எஞ்சின் கத்தும், கத்தட்டும். பள்ளத்தை விட்டு விலகி, பாதுகாப்பாக ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு அணையுங்கள். ஓடும்போதே அணைத்தே ஆக வேண்டும் என்றால் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்புங்கள், வெளியே இழுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பொத்தான் வண்டி என்றால் அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் அந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணாமல், மேட்டையும் கேபிளையும் பார்த்துக் காரணம் தெரிந்த பிறகு எடுங்கள், தெரியவில்லை என்றால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.